கேட்கப்படாத கேள்வி

யுத்தத்தில் காயம்பட்டவர் யார் என்றால், கையிழந்த சிப்பாயையும் காலிழந்த சிப்பாயையும் காட்டுவோம். அவனுக்குக் கட்டுக் கட்டிய ஸ்திரீக்கும் காயம் உண்டு என்பது நம் நினைவுக்கு வருவதில்லை. அமெரிக்க சர்க்காருக்கும் வெகுகாலம் அது நினைவுக்கு வரவில்லை.

வியத்நாம் யுத்தத்தின் போது அந்நாட்டில் சேவை செய்த அமெரிக்க ராணுவ ஸ்திரீகள் சுமார் 11,000 பேர். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் நர்ஸுகள். பலர் இருபது வயதைச் சற்றே கடந்தவர்கள். ஹெலிகாப்டரில் வந்து குவியும் சிப்பாய்களில் யாரை முதலில் சத்திர சிகிச்சைக்கு அனுப்புவது, யாரைப் பிழைக்கமாட்டான் என்று ஒதுக்கிவைப்பது என்று க்ஷணத்தில் தீர்மானிக்க வேண்டும். ஊர் திரும்பிய பின்னும் அந்த முகங்கள் பலரைத் தூங்கவிடவில்லை.

இவ்வித மனவேதனையை 1980-ல் அமெரிக்க மனநோய் வைத்தியர்கள் ஒரு தனி நோயாக ஏற்றுப் பெயரிட்டனர். அதே வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில்தான், "நீ ராணுவத்தில் சேவை செய்தவளா?" என்ற கேள்வி ஸ்திரீகளிடம் முதன்முதலாகக் கேட்கப்பட்டது. "ஆம்" என்றவர்கள் 12 லக்ஷம் பேர்!

மாஜி சிப்பாய்களுக்கென ஏற்பட்ட சர்க்கார் ஆஸ்பத்திரிகள் இவர்களுக்கும் உரியவையே. ஆனால் 1982-ல் வெளிவந்த சர்க்கார் தணிக்கை அறிக்கை என்ன சொல்லிற்று? சில இடங்களில் ஸ்திரீகளுக்குப் பூரணமான தேகபரிசோதனை இல்லை. ஸ்திரீ வைத்தியம் போதுமான அளவில் இல்லை. கதவு திறந்துதான் இருந்தது. வீடு ஆண்களுக்காகவே கட்டப்பட்டிருந்தது.

வேறொரு காயமும் உண்டு. அது எதிரியால் வருவதன்று. உடன் சேவை செய்பவர்களின் பலாத்காரத்தாலும் தகாத நடத்தையாலும் வருவது. 1992-ல் இயற்றிய சட்டம் இதற்கு ஆறுதலும் சிகிச்சையும் அளிக்க வழி செய்தது. இன்று அந்த ஆஸ்பத்திரிகளில் இதைப் பற்றி ஒவ்வொருவரிடமும் கேட்கிறார்கள். ஸ்திரீகளில் ஏறக்குறைய மூவருக்கு ஒருவர் "ஆம்" என்கிறார். அக்காலத்தில் புகார் செய்தாயா என்று வினவுவதில்லை, அத்தாட்சி கோருவதில்லை, சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை.

2021-ல் வந்த மற்றொரு சட்டம் ஸ்திரீகளின் ஆரோக்கியத்துக்கென்றே அந்த இலாகாவில் ஒரு தனிக் காரியாலயத்தை ஏற்படுத்திற்று. வியத்நாமிலிருந்து கடைசி நர்ஸ் திரும்பி ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆன பிறகு!

மருந்து தாமதமாக வந்ததற்குக் காரணம் பணமுடை மட்டுமன்று. கேள்வி தாமதமாக வந்தது. நம் வீடுகளிலும் எத்தனையோ ஸ்திரீகள் பிறர் காயத்துக்குக் கட்டுப் போடுகிறார்கள். "உனக்கு எங்கே வலிக்கிறது?" என்று அவர்களைக் கேட்பதற்குச் சட்டம் வேண்டுமா?