முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைக்குப் பின் நரம்பு வலியும் தசை வலியும்

இடுப்புப் பகுதியில் பிதுங்கிய டிஸ்க்கை அகற்றும் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோர் பலர், "வலி போகத்தானே அறுவை சிகிச்சை செய்துகொண்டோம், இன்னும் ஏன் வலிக்கிறது?" என்று கலங்குகின்றனர். இக்காலத்து வலி பெரும்பாலும் இரு வகைப்படும். எது எனப் பிரித்தறிந்து கூறினால் மருத்துவர் தக்க மருந்தைத் தேர்ந்தெடுக்க இயலும்.

தையலைச் சுற்றி இறுக்கிப் பிடித்தாற்போல் இருப்பது தசை வலி. முள்ளெலும்பை அடைவதற்காக முதுகுத் தசைகள் விலக்கப்படுவதே இதற்குக் காரணம். இது அசையும்போது கூடி, ஓய்வில் தணியும். சில வாரங்களில் படிப்படியாகக் குறையும்.

காலில் மின்சாரம் பாய்வது போலவோ, எரிச்சலாகவோ, ஊசி குத்துவது போலவோ தோன்றுவது நரம்பு வலி. அழுத்தம் நீங்கினாலும் நசுங்கியிருந்த நரம்பு வேர் உடனே பழைய நிலையை அடைவதில்லை. சேதமுற்ற நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவே வளரும். ஆகவே கால் வலி குறைந்த பின்னரும் மரத்துப்போன உணர்வு பல மாதங்கள் நீடிப்பதுண்டு.

பாராசிட்டமால் தசை வலிக்கு உதவும். நரம்பு வலிக்குப் பெரும்பாலும் அது போதாது. அதற்குக் காபாபென்டின், பிரீகாபாலின் போன்றவை பரிந்துரைக்கப்படலாம். இவை தலைச்சுற்றலையும் தூக்கக் கலக்கத்தையும் உண்டாக்கக்கூடும் என்பதால், இரவில் கழிவறைக்குச் செல்லும்போது ஒருவர் துணையிருத்தல் நலம். வலி குறைந்துவிட்டது என்று இவற்றைத் திடீரென நிறுத்தலாகாது. சிறுநீரகக் கோளாறு இருப்பின் மருத்துவரிடம் முன்னரே தெரிவிக்க வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் ஆகியவற்றை மருந்துக் கடையில் தாமாக வாங்கி உட்கொள்ளக் கூடாது. அவை வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். முள்ளெலும்புகளை இணைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு எலும்பு கூடுவதையும் தாமதப்படுத்தலாம். டிரமடால் போன்ற மருந்துகளால் மலச்சிக்கல் ஏற்படும். முக்கினால் வலி மிகும். எனவே நீரும் நார்ச்சத்துள்ள உணவும் அவசியம்.

படுக்கையிலிருந்து எழும்போது உடலை முறுக்காமல், தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்புமாறு பக்கவாட்டில் உருண்டு, கையை ஊன்றி எழ வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுப்பதையும், குந்தி அமரும் கழிவறையையும் தொடக்க வாரங்களில் தவிர்க்கவும். ஒரே இடத்தில் நெடுநேரம் அமர்வதைவிடச் சிறிது சிறிதாகப் பலமுறை நடப்பதே நன்று.

பராமரிப்பாளர் அன்பின் மிகுதியால் எண்ணெய் தேய்த்து நீவிவிட முற்படுவது வழக்கம். தையல் ஆறும் முன் அது கூடாது. மரத்துப்போன காலில் வெந்நீர்ப் பை வைப்பதும் ஆபத்தே. சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும்.

சிறுநீர் கழிக்க இயலாமை அல்லது கட்டுப்பாடின்றி வெளியேறுதல், பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதியில் உணர்விழப்பு, கால் புதிதாக வலுவிழத்தல் ஆகியவை தோன்றினால் மறுநாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; 108 அவசர ஊர்தியை அழைக்கலாம். காய்ச்சல், தையலிலிருந்து சீழோ தெளிந்த நீரோ கசிதல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல் ஆகியவற்றுக்கும் அன்றே மருத்துவரைக் காணவும்.