வாடைக்கும் சோளகத்துக்கும் இடையில் மயிலிட்டிக் கடல்

மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலை 3ஆம் திகதி மீளக் கையளிக்கப்பட்டபோது, நாங்கள் அதைப் பிரிந்து 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1990 யூனில் இடம்பெயர்ந்த தொழிலாளிகள் பலர் மல்லாகத்திலும் கோணப்புலத்திலும் முகாம்களிலேயே முதுமையடைந்தார்கள். முகாமில் பிறந்த பிள்ளைகள் இன்று படகோட்டுகிறார்கள். இயந்திரமும் ஜிபிஎஸ் கருவியும் அவர்களிடம் உண்டு. ஆனால் எந்த மாதத்தில் எந்தக் காற்று இந்தக் கரையை என்ன செய்யும் என்பதைத் தகப்பனோடு கடலுக்குப் போய்ப் பழகும் காலம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அலையின் உயரத்தை மூன்று விடயங்கள் தீர்மானிக்கின்றன: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றிக் கடல்மேல் ஓடிவரும் தூரம். மயிலிட்டியைப் பொறுத்தவரை மூன்றாவதுதான் முக்கியம். எங்கள் கரை வடக்கைப் பார்த்தது. எதிரே கோடியக்கரை ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. இடையில் கிடப்பது ஆழம் குறைந்த பாக்கு நீரிணை. ஆனால் வடகிழக்கிலும் கிழக்கிலும் தடுப்பதற்கு எதுவுமில்லை. முழு வங்காள விரிகுடாவும் திறந்து கிடக்கிறது.

ஆகவே வாடைக்காற்று நேர்வடக்கிலிருந்து வீசினால் அலை குட்டையாகவும் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும். படகு ஓர் அலையில் ஏறி இறங்குமுன் அடுத்தது அணியத்தில் அடிக்கும். காற்று வடகிழக்குக்குத் திரும்பினால் நெடுந்தூரம் ஓடிவந்த பெரிய அலைகள் வரும். மார்கழி, தை மாதங்களில் இரண்டும் கலந்து வருவதும் உண்டு. காங்கேசன்துறை – நாகபட்டினம் கப்பல் சேவை 2023 ஒக்ரோபர் 14இல் தொடங்கி, சில நாட்களிலேயே வடகீழ்ப் பருவக்காற்றைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டதை நினைத்துப் பாருங்கள். பயணிகள் கப்பலுக்கே அந்த நிலை என்றால், 18 அடிப் படகுக்குச் சொல்லத் தேவையில்லை.

மாரியில் காற்று கரையை நோக்கி வீசும். எங்கள் கரையோரம் பல இடங்களில் மணலல்ல, சுண்ணக்கல்லும் முருகைக்கல்லும்தான். அலையின் உயரத்தைப்போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழம் வரும்போது அலை உடையும். ஒரு மீற்றர் அலை 1.3 மீற்றர் தண்ணீரில் உடையும். இரண்டு மீற்றர் அலையோ 2.6 மீற்றரிலேயே, கரைக்கு வெகு தள்ளியே உடைந்துவிடும். நேற்றுப் படகு தாண்டிய கல்லுக்கு மேலே இன்று அலை உடைவதற்குக் காரணம் இதுதான். இயந்திரம் நின்றால் படகு அந்தக் கல்லை நோக்கித்தான் ஒதுங்கும்.

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம். தென்மேற்கிலிருந்து வரும் இக்காற்று குடாநாட்டின் நிலத்தைக் கடந்தே எங்கள் கடலில் இறங்குகிறது. அதனால் கரையோரம் குளம்போலத் தெரியும். இந்த அமைதியை நம்பக்கூடாது. கரையை விட்டு விலக விலகக் காற்றுக்கு ஓடத் தூரம் கிடைக்கிறது, அலையும் வளர்கிறது. இயந்திரம் பழுதானால் காற்று படகை வடகிழக்கே, திறந்த விரிகுடாவுக்குத் தள்ளும். மாரியில் ஆபத்து கரையில் என்றால், சோளகத்தில் ஆபத்து கரை மறைந்த பிறகுதான். மேலதிக எரிபொருள், தண்ணீர், நங்கூரக் கயிறு ஆகியவை அக்காலத்தில் கட்டாயம்.

பங்குனியும் சித்திரையும் காற்று அடங்கிய மாதங்கள். ஒக்ரோபர், நவம்பர் அப்படியல்ல. பின்னேர இடிமழையோடு திடீர்க் காற்றும் வரும். தாழமுக்கங்களும் புயல்களும் அதிகம் எட்டிப்பார்ப்பது நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான். 2020 டிசம்பரில் புரெவியும் அப்படியே வந்தது.

அறுகம்குடாவில் வெளிநாட்டவர் பலகையில் சறுக்கும் பெரிய அலைகள் இங்கு ஏன் இல்லை என்று இளையவர்கள் கேட்பதுண்டு. அந்த அலைகள் தென் இந்து சமுத்திரத்தின் தூரப் புயல்களில் பிறந்து வருபவை. வடக்கைப் பார்த்த எங்கள் கரைக்கு முழு இலங்கைத் தீவுமே அவற்றை மறைத்து நிற்கிறது.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைக் கேட்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, கடற்பிரதேசங்களைப் பிரித்துச் சொல்லும்போது காங்கேசன்துறை ஓர் எல்லையாக வரும். மயிலிட்டி அதற்குக் கிழக்கே இருப்பதால், முல்லைத்தீவு ஊடாகத் திருகோணமலை வரையான பகுதிக்குச் சொல்லப்படுவதே எமக்குரியது. மன்னார்ப் பக்கத்துக்குரியதைக் கேட்டுவிட்டுப் புறப்படக்கூடாது. இரண்டு, எதிர்வுகூறலில் தரப்படும் அலை உயரம் பொதுவாக உயர்ந்த மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. தனியொரு அலை அதைப்போல இரு மடங்குக்குக் கிட்டவும் எழலாம்.

துறைமுகத்தின் அலைதடுப்பு அணை வெளி அலையின் பலத்தைக் குறைக்கும். ஆனால் அதன் முனையைச் சுற்றி அலை வளைந்து உள்ளே வரும். மாரியில் எல்லாப் படகும் ஒதுங்க இடம் தேவைப்படும்போது, கைப்பற்றப்பட்ட இந்திய றோலர்களும் அதே தண்ணீரில் கட்டிக் கிடப்பது எங்கள் தொழிலாளருக்குப் பெரும் நெருக்கடி. அவற்றை மாரிக்கு முன் அகற்றுவது அதிகாரிகளின் பொறுப்பு.

எங்கள் பொறுப்பு வேறு. 1990க்கு முன் இந்தக் கடலில் தொழில் செய்தவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். எந்தக் கல் எங்கே, எந்தக் காற்றில் எந்த வழியால் உள்ளே வருவது என்று அவர்களைக் கேட்டு, இளையவர்கள் ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்ள வேண்டும். சங்கங்கள் இந்தச் சோளகம் முடிவதற்குள் அதைத் தொடங்கலாம்.