கைக்கடிகாரத்துள் ஓர் இசைக்கவை

மலைநாட்டிலே நேரம் என்பது ஒரு காலத்தில் காதால் அறியப்பட்டது. விடியுமுன் தப்பு முழங்கும். லயங்களில் விளக்குகள் எரியும். மக்கள் பெரட்டுக்களத்தை நோக்கி விரைவர். இன்று நோர்வூட்டுக் கடைத்தெருவில் ஒரு கைக்கடிகாரத்தைச் சிறு தொகைக்கு வாங்கிவிடலாம். சாவி கொடுக்கத் தேவையில்லாத அந்தக் கடிகாரத்தினுள்ளே ஓர் இசைக்கவை ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. அத்தகைய கவையே அணுக்களைத் தடவியறியும் விரலாகவும் விஞ்ஞானிகளுக்குப் பயன்படுகிறது என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். அதன் வரலாற்றைச் சிறிது காண்போம்.

பாடசாலையில் ஒலியைப் பற்றிக் கற்பிக்கும்போது ஆசிரியர் தட்டிக் காட்டும் இசைக்கவையை நாம் மறந்திருக்கமாட்டோம். ஹட்டனிலிருந்து வரும் வீதி நோர்வூட்டிலே மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்குமாக இரண்டாகப் பிரிகிறதல்லவா? அதுபோல ஒரு காம்பிலிருந்து இரு கிளைகள் பிரிந்து நிற்பதே அதன் வடிவம். கடிகாரத்தில் இருப்பது உருக்கினால் ஆனதன்று. குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லால் ஆனது. அதன் நீளம் சில மில்லிமீற்றர் மாத்திரமே.

படிகக்கல்லுக்கு ஒரு விந்தைக் குணம் உண்டு. அதனை அழுத்தினால் அதன் முகங்களில் மின் தோன்றும்; மின்னை ஊட்டினால் அது சிறிதே வளையும். முதற்கூறிய குணத்தை 1880ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துச் சகோதரர்களான பியர் கியூரியும் ஜாக் கியூரியும் கண்டறிந்தனர். அதனைப் பயன்படுத்தி 1969ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானின் செய்க்கோ நிறுவனம் உலகின் முதலாவது குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இக்காலத்துக் கடிகாரங்களிற் பெரும்பாலானவற்றில் கவை ஒரு செக்கனில் 32,768 முறை அதிர்கிறது. இந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று மிஞ்சும். பிள்ளைகள் தாளில் எழுதிப் பார்க்கலாம். கடிகாரத்திலுள்ள மின்சுற்றும் இப்பாதியாக்கலையே செய்து ஒரு செக்கனைப் பெறுகிறது.

இனி அணுவுக்கு வருவோம். ஒரு மீற்றரை நூறு கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் பங்கே ஒரு நனோமீற்றர். அணுக்களோ அதிலும் சிறியவை. நம் கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் நூற்றுக்கணக்கான நனோமீற்றர் ஆகையால், சாதாரண நுணுக்குக்காட்டியால் அணுவைக் காண இயலாது. காண இயலாததைத் தொட்டறியலாம் அன்றோ? தேயிலைத் தொழிற்சாலையில் அனுபவம் மிக்கவர் வாட்டிய கொழுந்தைக் கையிலெடுத்துப் பிசைந்தே அதன் பதத்தைக் கூறிவிடுவார். விஞ்ஞானிகளும் இவ்வழியையே நாடினர். 1981ஆம் ஆண்டில் சூரிச் நகருக்கு அருகிலுள்ள ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் கெர்ட் பின்னிக், ஹைன்ரிக் ரோரர் ஆகிய இருவரும் கூரிய ஊசியொன்றைப் பரப்பின்மேல் நகர்த்தி, அணுக்களின் மேடு பள்ளங்களை அறியும் கருவியை அமைத்தனர். அதற்காக 1986இல் நோபல் பரிசும் பெற்றனர். அதே ஆண்டில் பின்னிக், கால்வின் குவேட், கிறிஸ்டோப் கெர்பர் ஆகிய மூவரும் அணுக்களுக்கிடையே தோன்றும் விசையை உணரும் கருவியை வெளியிட்டனர்.

எனினும் ஓர் இடர் இருந்தது. ஊசியைத் தாங்கிய மெல்லிய தகடு மிருதுவானது. பரப்பை மிக நெருங்கினால் அது இழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ளும். அதன் அசைவை அளப்பதற்கு லேசர் ஒளியும் பெரும்பாலும் வேண்டியிருந்தது. பின்னிக்கிடம் பயின்றவரான ஜேர்மனிய விஞ்ஞானி பிரான்ஸ் கீசிபிள், 1990களின் பிற்பகுதியில் கடிகாரக் கவையையே எடுத்தாண்டார். ஒரு கிளையை அசையாமற் பொருத்தி, மற்றக் கிளையின் நுனியில் ஊசியை ஒட்டினார். கவை விறைப்பானது, எளிதில் இழுபடாது. தன் அசைவைத் தானே மின்னாக வெளியிடுவதால் அதற்கு லேசர் தேவையில்லை. ஊசலாடும் ஊஞ்சலை அருகில் நிற்பவர் சிறிது தொட்டாலும் அதன் சீர் மாறுவதுபோல, ஊசி ஓர் அணுவை அணுகியதும் கவையின் மீடிறன், அதாவது ஒரு செக்கனில் அது அதிரும் எண்ணிக்கை, இம்மியளவு கூடும் அல்லது குறையும். அம்மாற்றத்தைப் புள்ளி புள்ளியாக அளந்து படமாக்குகின்றனர்.

இதன் வெற்றியை 2009இல் உலகம் கண்டது. லியோ குரோஸ் முதலிய ஐ.பி.எம். விஞ்ஞானிகள் இத்தகைய கவையின் ஊசிமுனையில் ஒரே ஒரு காபனோரொட்சைட்டு மூலக்கூறை ஏற்றி, கடுங்குளிரில் பென்டசீன் என்னும் மூலக்கூறைத் தடவினர். புத்தகங்களில் அறுகோணங்களாக வரையப்படும் அதன் ஐந்து வளையங்களும் படத்தில் தெளிவாகத் தெரிந்தன!

இதனால் நமக்கு யாது பயன் எனச் சிலர் வினவலாம். அளக்க முடியாததைத் திருத்தமாகச் செய்ய முடியாது என்பதே விடை. நம் நாட்டிலும் 2008இல் இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகம் தோற்றுவிக்கப்பட்டது. யூரியாவை நனோத் துகள்களோடு பிணைத்து, மெல்ல மெல்லப் பயிருக்கு அளிக்கும் பசளை பற்றி இலங்கை விஞ்ஞானிகள் 2017இல் ஆய்வு வெளியிட்டனர். அவர்கள் அதனை நெற்பயிரில் சோதித்தனர். மழை பசளையைக் கழுவிச் செல்லும் சரிவுகளில் வாழும் நாம் இத்தகைய ஆய்வைப் பிறர் காரியம் என ஒதுக்கிவிட முடியுமா?

மலையகத்திலே விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் கற்க விரும்பும் பிள்ளைகள் பலர் நெடுந்தூரம் செல்ல நேர்கிறது. ஆய்வுகூட வசதிகளும் எங்கும் போதிய அளவில் இல்லை. இக்குறை நீங்கவேண்டும். அதே வேளையில், உலகின் மிக நுண்ணிய கருவியின் மூலப்பொருள் பழுதடைந்த ஒரு கைக்கடிகாரத்திலும் கிடக்கிறது என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். இக்கவையைக் கொண்டு மாணவர்களே இயக்கத்தக்க எளிய கருவிகளை அமைத்த பல்கலைக்கழகங்களும் வெளிநாடுகளில் உண்டு.

ஆகவே, வீட்டில் ஓடாத கடிகாரத்தைச் சிறுவனோ சிறுமியோ பிரித்துப் பார்க்க விரும்பினால் அதட்டாதீர்கள். மின்கலத்தை மட்டும் எடுத்து அப்பால் வைத்துவிட்டு, அருகில் அமர்ந்து நீங்களும் பாருங்கள். சிறியதோர் உலோகக் குழாய் தென்படலாம். இசைக்கவை அதற்குள்ளேதான் இருக்கிறது.