16 வயசில் வந்த யுவன்: கூடவே வளர்ந்த ரசிகர்கள்

சனிக்கிழமை இரவு, இசிஆரில் கோவளம் வரை ஒரு டிரைவ். ஓட்டுபவருக்கு வயசு நாற்பதை நெருங்கியிருந்தால் ப்ளேலிஸ்ட்டில் பாதி யுவனாகத்தான் இருக்கும்.

1979-இல் பிறந்த யுவன் ஷங்கர் ராஜா, 16 வயசில் இசையமைக்க வந்தவர். முதல் படம் 'அரவிந்தன்' 1997-இல் வெளியானது, ஓடவில்லை. அடுத்து வந்த 'வேலை', 'கல்யாண கலாட்டா' படங்களும் கைகொடுக்கவில்லை. இளையராஜா மகன் என்பதால் கதவு சீக்கிரம் திறந்தது உண்மை. ஆனா, தோற்றால் அப்பாவோடு ஒப்பிட்டுத்தானே பேசுவார்கள்? 1999-இல் 'பூவெல்லாம் கேட்டுப்பார்' பாட்டுகள் ஹிட்டான பிறகுதான் பையனுக்கு மூச்சு வந்தது.

அவரை அந்தத் தலைமுறையின் ஆளாக மாற்றியது அடுத்த சில வருடங்கள். 'துள்ளுவதோ இளமை' (2002), 'காதல் கொண்டேன்' (2003), '7ஜி ரெயின்போ காலனி' (2004) என வரிசையாக வந்தன. தனுஷ், செல்வராகவன், யுவன் எல்லோரும் அப்போது இளைஞர்கள். வேலை இல்லாத, காதலைச் சொல்லத் தெரியாத பசங்களின் கதைகள். நா.முத்துக்குமாரின் வரிகள் இல்லாமல் அந்த வலி இவ்வளவு தூரம் போயிருக்காது என்பேன். '7ஜி'க்காக ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது. காசெட்டில் கேட்டு, பிறகு ரிங்டோனாக வைத்துக்கொண்டவர்கள்தான் இன்று ஓஎம்ஆர் ஆபீஸ்களில் டீம் லீடர்கள்.

'சிட்டிப் பசங்களுக்குத்தான் இவர் சரி' என்ற பேச்சை 2007-இல் 'பருத்திவீரன்' உடைத்தது. 2013-இல் 'பிரியாணி' 100-வது படம். அதற்குள் அனிருத் வந்துவிட்டார், பள்ளிக்கூடப் பசங்களின் ஹீரோ மாறிவிட்டார். இருந்தும் 'மாரி 2'வின் 'ரௌடி பேபி' 2020-இல் யூடியூபில் 100 கோடி பார்வைகளைத் தாண்டியது.

2024 ஜனவரியில் அக்கா பவதாரிணி புற்றுநோயால் மறைந்தார். அதே வருடம் விஜய்யின் 'தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்' படத்துக்காக, 'சின்ன சின்ன கண்கள்' பாட்டில் அவர் குரலை ஏஐ மூலம் யுவன் மீண்டும் கொண்டுவந்தார். இறந்தவரின் குரலை இப்படிப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி நியாயமானது. ஆனா இங்கே அதைச் செய்தது கூடப் பிறந்த தம்பி. அதனால்தான் எனக்கு அந்தப் பாட்டைத் தப்புன்னு சொல்லவும் முடியவில்லை, நெருடாமல் கேட்கவும் முடியவில்லை.