எடுத்த இடத்திலேயே விடுங்கள்

ஜெர்மனியில் காட்டை ஒட்டிய வீடுகளில், அடித்தள அறைக்கு வெளிச்சம் வரத் தோண்டிய குழிக்குள் நெருப்புச் சாலமாண்டர் என்ற சிறு பிராணி விழுந்து கிடப்பது அபூர்வமல்ல. கறுப்பு உடம்பு, மஞ்சள் திட்டு. உருவம் பல்லி, உறவு தவளையோடு. (தமிழ்நாட்டில் சாலமாண்டரே கிடையாது, இந்தியாவில் ஏதேனும் ஒரு வகையைப் பார்க்க டார்ஜிலிங்குக்கோ வடகிழக்கு மலைகளுக்கோதான் போக வேண்டும்.) செங்குத்துச் சுவரில் அதற்கு ஏற வராது. அப்படியே விட்டால் காய்ந்தோ பட்டினியாலோ சாகும். எடுத்துக் காப்பாற்றுவது எளிது. எங்கே விடுவது என்பதில்தான் தவறு நடக்கிறது. இரக்கமுள்ளவர் மனம் தேடுவது, வீடும் சாலையும் இல்லாத ஒரு நல்ல காட்டை. சாலமாண்டருக்கு வேண்டியதோ, அது பிடிபட்ட அதே இடம்.

இது வெறும் ஊகமல்ல. ஸ்டான்ஃபோர்டு உயிரியலாளர் விக்டர் ட்விட்டி கலிஃபோர்னியாவில் செவ்வயிற்று நியூட் என்ற சாலமாண்டர் வகையை அடையாளமிட்டு வேறு இடங்களில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார். அவற்றில் பல, மலைமுகடு தாண்டிக்கூட, தாம் இனப்பெருக்கம் செய்த ஓடைப்பகுதிக்கே திரும்பி வந்தன. ஐரோப்பாவின் நெருப்புச் சாலமாண்டரும் ஆண்டுதோறும் அதே பொந்தைத் தேடிப் போய்க் குளிர்காலத்தைக் கழிக்கும். எந்தக் கட்டையடியில் ஈரம் நிற்கும், எங்கே உறைபனி எட்டாது என்பதெல்லாம் அது பழகி அறிந்தவை. புதுக் காட்டில் அந்த அறிவு செல்லாது. ஊர் திரும்பப் புறப்பட்டால் வழியில் காய்ந்த தரையும் சாலையும் காத்திருக்கும்.

இதைவிட வலுவான காரணம் நோய். நெதர்லாந்தின் புண்டர்போஸ் காட்டில் 2010-ஐ ஒட்டி நெருப்புச் சாலமாண்டர்கள் கொத்துக் கொத்தாக மடிந்தன. 2013-க்குள் 100-க்குச் சுமார் 4 மட்டுமே மிஞ்சின என்ற நிலை. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் மார்ட்டெல் குழுவினர் அந்த ஆண்டு கண்டறிந்த காரணம், தோலை அரித்துத் தின்னும் ஒரு பூஞ்சை. ஆசியச் சாலமாண்டர்களில் சிலவற்றை அது வருத்துவதில்லை. செல்லப்பிராணி வணிகத்தோடு ஐரோப்பாவுக்குள் நுழைந்திருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. இன்று ஜெர்மனியிலும் அது பரவிக் கிடக்கிறது. தொற்றிய தொடக்க நாட்களில் பிராணி நலமாகவே தெரியும். அதை ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குக் காரில் கொண்டுபோவது, பூஞ்சை தானாக நடக்க முடியாத தூரத்தை நாமே அதற்குக் கடந்து கொடுப்பதுதான். இந்த அச்சத்தில்தான் அமெரிக்கா 2016-இல் 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதியைத் தடுத்தது.

அப்படியானால் மறுபடி அந்தக் குழியிலேயே தள்ளுவதா என்று கேட்கலாம். இல்லை. சில பத்து மீட்டருக்குள், பாசி படிந்த கட்டையோ சருகுக் குவியலோ பார்த்து அதன் அருகில் விட்டால் போதும். பிறகு குழியை நெருக்கமான வலையால் மூடுங்கள், அல்லது உள்ளே ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள். மாற்ற வேண்டியது குழியைத்தான். சாலையில் கண்டால் அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே அக்கரை சேர்க்க வேண்டும். அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் ஊரில் 1987-இல் சாலைக்கடியில் சாலமாண்டருக்குச் சுரங்கவழி அமைத்ததும் இதே தர்க்கம்தான்: அதன் பாதையை மாற்றாமல் ஆபத்தை மட்டும் நீக்குவது.

கொஞ்ச நாள் வளர்த்துத் தேற்றிவிட்டால் என்ன என்பது இன்னொரு வாதம். காயமிருந்தால் சரி, அப்போதும் தேறியவுடன் தாமதமின்றி விட்டாக வேண்டும் என்கிறது ஜெர்மன் சட்டம். காயமில்லாததை வீட்டில் வைப்பதில் அதற்கு லாபமில்லை. அதன் தோல் மூச்சுவிடும் உறுப்பு. கையிலுள்ள சோப்பும் கொசு விரட்டும் களிம்பும் நேரே உள்ளே போகும். மழைநீரில் நனைத்த கையால் எடுத்து, ஈரச் சருகு போட்ட, காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து, அன்று மாலையே, மழையிருந்தால் இன்னும் நல்லது, விட்டுவிடலாம். ஓடைக்குள் மட்டும் விடாதீர்கள்: வளர்ந்த நெருப்புச் சாலமாண்டருக்கு நீச்சல் சரியாக வராது, ஆழத்தில் மூழ்கிச் சாகும். அதன் தோல் நஞ்சு சுரப்பதால் கண்ணைத் தொடுமுன் கையைக் கழுவுங்கள்.

ஒரே ஒரு விலக்கு. கடையில் வாங்கிய தவளையோடோ நியூட்டோடோ அதை ஒரே தொட்டியில் வைத்திருந்தால், எடுத்த இடத்திலும் விடக்கூடாது. பூஞ்சைப் பரிசோதனை செய்யக்கூடிய விலங்கு மருத்துவரிடமோ வனவிலங்குத் துறையிடமோ ஒப்படைத்துவிட வேண்டும்.