ஒரு தீவு, ஒரே விடுதி: மாலத்தீவு ஓய்வின் கணக்கு

மாலத்தீவின் தனித்தீவு விடுதி ஒன்றில் இறங்கிவிட்டால், காபி விலை கட்டுப்படியாகவில்லை என்று பக்கத்துக் கடைக்குப் போக முடியாது. பக்கத்தில் இருப்பது கடல்தான். தீவிலுள்ள உணவகம், படகு, கடை, முக்குளிக்கக் கற்றுத்தரும் பயிற்சியாளர் எல்லாமே அந்த ஒரு விடுதியின் ஏற்பாடு. புதுமணத் தம்பதிகளும் மணநாள் கொண்டாடுவோரும் லட்சங்களைச் செலவழித்து அங்கே போவது இந்தத் தனிமைக்காக. விலை அப்படி ஏறிக்கிடப்பதற்கும் முக்கியக் காரணம் இதே தனிமைதான்.

எப்படித் தொடங்கியது?

மாலத்தீவில் ஏறத்தாழ 1,190 பவளத் தீவுகள் உள்ளன. மக்கள் குடியிருப்பவை 200-க்கும் குறைவு. ஆளில்லாத தீவுகளை அரசு நீண்டகாலக் குத்தகைக்கு விடுகிறது. குத்தகை எடுத்தவர் அங்கே ஒரு விடுதி கட்டி நடத்துகிறார். நிலம் கடைசிவரை அரசுடையதே. ‘ஒரு தீவு, ஒரு விடுதி’ என்று அறியப்படும் இந்த முறையில் இன்று 170-க்கும் மேற்பட்ட விடுதிகள் இயங்குகின்றன.

முதல் விடுதியான குரும்பா, 1972 அக்டோபரில் 30 அறைகளோடு தொடங்கியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் கார்பின் என்ற இத்தாலியர் தன் நாட்டிலிருந்து ஒரு சிறு குழுவை அழைத்துவந்ததே அதற்கு முன்னோட்டம். 2024-இல் வந்த வெளிநாட்டுப் பயணிகள் 20 லட்சத்துக்கும் மேல்.

தனித்தீவு முறைக்கு இன்னொரு பயனும் உண்டு. மாலத்தீவு இஸ்லாமிய நாடு. மக்கள் வாழும் தீவுகளில் மது விற்பனைக்கு அனுமதியில்லை, பொது இடங்களில் நீச்சலுடைக்கும் கட்டுப்பாடு உண்டு. விடுதித் தீவுகளில் இரண்டுக்கும் தடையில்லை. பயணிகளை ஊர்மக்களிடமிருந்து கடலே பிரித்துவைக்கிறது. ஆனால் பெட்டியில் மதுப்புட்டி கொண்டுபோனால் விமான நிலையச் சுங்கத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

அறை வாடகைக்கு மேல்

விடுதிகளின் விலைப்பட்டியலில் தொகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் கவனம் தேவை. சேவைக் கட்டணமும் வரியும் அந்தத் தொகையில் சேரவில்லை என்பதே அதன் பொருள். சேவைக் கட்டணம் பொதுவாக 10 சதவீதம். அதற்கு மேல் சுற்றுலாத் துறைக்கான சரக்கு-சேவை வரி. 2025 ஜூலை முதல் இது 17 சதவீதம். தனியாகப் பசுமை வரி: 2025 ஜனவரி முதல் விடுதிகளில் தங்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் இரவுக்கு 12 டாலர்.

ஓர் இரவுக்கு 500 டாலர் என்று போட்டிருக்கும் அறையை எடுத்துக்கொள்வோம். சேவைக் கட்டணம் 50 டாலர் சேர்ந்து 550. அதன்மீது 17 சதவீத வரி 93.50 டாலர். இருவருக்கான பசுமை வரி 24. ஆக, 667.50 டாலர். விளம்பரத்தில் பார்த்த தொகையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். உணவு இதில் சேர்ந்ததா இல்லையா என்பது அடுத்த கேள்வி. காலை உணவு மட்டும் என்று பதிவுசெய்தவர்கள் மதியத்துக்கும் இரவுக்கும் விடுதி சொல்லும் விலையைத்தான் கொடுத்தாக வேண்டும். மூன்று வேளையும் சேர்த்த திட்டம் முதலில் அதிகமாகத் தெரிந்தாலும், கூட்டிப் பார்த்தால் பல நேரம் அதுவே மலிவு.

நாலு மணிக்குள் வந்தால்தான்

மாலே விமான நிலையத்துக்கு அருகிலுள்ள தீவுகளுக்கு விசைப்படகிலேயே போய்விடலாம். தூரத்துத் தீவுகளுக்குக் கடல் விமானம். பதினைந்து பேர் அளவில் உட்காரும் ட்வின் ஒட்டர் விமானங்கள் நீரிலேயே இறங்கி, நீரிலிருந்தே எழும்பும். மேலிருந்து பார்க்கும் பவளத் திட்டுகளின் நீலம் பயணத்தின் பெரிய இன்பங்களில் ஒன்று. ஆனால் போய்வர ஒருவருக்குப் பல நூறு டாலர் ஆகும். தவிர, இவை பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பிற்பகல் நாலு மணிக்குப் பிறகு மாலே வந்து சேர்பவர்கள் அன்றிரவை அங்கேயே கழிக்க நேரிடலாம். வாடகை கொடுத்த அறை தீவில் காலியாகக் கிடக்கும்.

கண்ணில் படாத உழைப்பு

பெரும்பாலான விடுதித் தீவுகளில் ஆறு இல்லை, வயல் இல்லை, வெளியிலிருந்து வரும் மின்கம்பி இல்லை. குடிநீர் கடல்நீரைச் சுத்திகரித்துக் கிடைக்கிறது. மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரில். காய்கறி, அரிசி, முட்டை எல்லாம் கப்பலில் வரவேண்டும். தூத்துக்குடித் தோணிகள் பல தலைமுறைகளாக மாலேவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிச் செல்கின்றன. இந்தியா, இலங்கை, வங்கதேசத்திலிருந்து போன ஊழியர்கள், விருந்தினர் பார்வையில் படாத குடியிருப்புகளில் தங்கி இந்த அமைதியைக் காக்கிறார்கள்.

கடலும் மாறிவருகிறது. நீர் சூடேறியதால் 1998-லும் 2016-லும் பவளங்கள் பெருமளவு வெளிறின. அதனால் தீவைத் தேர்ந்தெடுக்கும்போது, கரையிலிருந்து நீந்திப் போகும் தூரத்தில் பவளத் திட்டு உண்டா, அது இப்போது எப்படியிருக்கிறது என்று கேட்பது நல்லது. அருகில் இருந்தால் முகமூடியும் துடுப்புக்காலணியும் போட்டுக்கொண்டு இருவரும் செலவில்லாமல் மீன்களைப் பார்க்கலாம். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் படகுக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

குறைந்த செலவில்

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். விலை உச்சத்தில் இருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை, விலை இறங்கும். வைகாசியில் கல்யாணம் முடித்துக் கிளம்பும் நம்மூர்த் தம்பதிகளுக்கு இது சாதகம்தான், இடையிடையே மழைக்கும் காற்றுக்கும் தயாராக இருந்தால்.

மாஃபுஷி போன்ற, மக்கள் வாழும் தீவுகளிலும் இப்போது விருந்தினர் இல்லங்கள் நிறைய உண்டு. 50 அறைக்குக் குறைவான இல்லங்களில் பசுமை வரியும் பாதி, 6 டாலர்தான். அங்கே தங்கிக்கொண்டு, ஒரு நாள் மட்டும் கட்டணம் செலுத்தித் தனித்தீவு விடுதிக்குப் போய்வரலாம். மூன்று இரவுக்குக் கடன் வாங்குவதைவிட இது புத்திசாலித்தனம்.

விசாவை முன்கூட்டி எடுக்க வேண்டாம். 30 நாள் அனுமதியை இறங்கியதும் இலவசமாகத் தருகிறார்கள். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்கும் கட்டணமில்லை. முன்பணம் கட்டும் முன், வரிகள், உணவு, போக்குவரத்து மூன்றையும் சேர்த்த மொத்தத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தீவில் இறங்கிய பிறகு பேரம் பேச இடமில்லை.