வணங்காமண்: சோதனை முடிந்தது, சரக்கு போய்ச்சேரவில்லை

வன்னியில் போர் உச்சத்தில் இருந்த 2009 மே மாதத்தில், புலம்பெயர்ந்த தமிழர்கள் திரட்டிய 884 டன் உணவு, மருந்துப் பொருட்களுடன் பிரான்சிலிருந்து ‘கேப்டன் அலி’ கப்பல் புறப்பட்டது. தமிழர்கள் அதை ‘வணங்காமண்’ என்றார்கள். கப்பல் இலங்கையை நெருங்குவதற்குள் போர் முடிந்து, சுமார் 2.8 லட்சம் பேர் முகாம்களில் அடைபட்டிருந்தார்கள்.

ஜூன் 4-ஆம் தேதி இலங்கைக் கடற்படை கப்பலை மறித்து, பாணந்துறைக்கு அப்பால் நிறுத்திச் சோதனையிட்டது. அனுமதியின்றி வந்த கப்பல் என்பது கொழும்பின் வாதம். சந்தேகத்துக்குரிய பொருள் எதுவும் சிக்கவில்லை. ஆனாலும் சரக்கை இறக்க விடாமல் கப்பலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சோதனையிடுவதையே குறை சொல்ல முடியாது. நிவாரணச் சரக்குக்கு வழிவிடச் சொல்லும் ஜெனீவா ஒப்பந்த விதிகளே, சோதனையிடும் உரிமையையும் தருகின்றன. அதே சமயம், 2006-இல் நடைமுறைக்கு வந்த திருத்திய கியோட்டோ சுங்க ஒப்பந்தத்தில் நிவாரணப் பொருட்களுக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. அவற்றை முன்னுரிமை கொடுத்து விடுவிக்க வேண்டும், தேவைப்பட்டால் அலுவலக நேரத்துக்கு வெளியிலும் பரிசோதித்து அனுப்ப வேண்டும் என்கிறது அது; வரி வாங்காமல் விடவும் பரிந்துரைக்கிறது. ஆயுதம் இருக்கிறதா என்று பார்ப்பது அரசின் கடமை. இல்லை என்று தெரிந்த பிறகும் மருந்தை மறிப்பதற்குப் பாதுகாப்பைக் காரணமாகச் சொல்ல முடியாது.

கப்பல் சென்னைக்கு அப்பால் கடலில் காத்து நின்றது. முதலமைச்சர் கருணாநிதி மத்திய அரசின் தலையீட்டைக் கோரினார். ஜூன் இறுதியில் இலங்கைத் தூதுக்குழு டெல்லி வந்தபோதுதான் கொழும்பு இறங்கிவந்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகப் பொருட்களை ஏற்கச் சம்மதித்தது. சென்னையில் சரக்கை இறக்கி, கன்டெய்னர்களில் அடைத்து, வேறொரு கப்பலில் ஏற்றினார்கள். அந்தக் கப்பல் ஜூலையில் கொழும்பை அடைந்தது.

தூதர்கள் முடித்துவைத்த சிக்கல், துறைமுகத்தில் மறுபடி தொடங்கியது. வரியும் துறைமுகக் கட்டணமும் குறுக்கே நின்றன. வன்னிப் பசிக்கென்று அனுப்பிய உணவு, முகாம்களில் மக்கள் வரிசையில் நின்ற அதே மாதங்களில், கன்டெய்னருக்குள் வெயிலில் கிடந்தது. இரு அரசுகள் பேசி முடித்த பிறகு நடந்த இந்தத் தாமதம் மன்னிக்க முடியாதது. சரக்கை ஏற்கும்போதே கட்டணத் தள்ளுபடியையும் எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். டெல்லியும் அதை வலியுறுத்தியிருக்க வேண்டும்.

கடலில் நடந்த சோதனை சில நாட்களில் முடிந்தது. கொழும்புத் துறைமுகத்திலிருந்து சரக்கு வெளியே வர அக்டோபர் ஆனது.